இருபத்துமூன்று பிள்ளைகளுக்குப் பழப்பாகு

இசபெல் இனயம் என்ற கடற்கரை ஊருக்கு வாழவந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இந்தப் பதினோரு மாதத்தில், சும்மா இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று அவள் வீட்டுப் படலைத் திறந்தவர்கள் ஒருவரும் இல்லை. அடுப்புக்குத் தீக்கங்கு கேட்டு வந்தவர்கள் உண்டு. கோழியைத் தேடி வந்தவர்கள் உண்டு. கோழி அகப்பட்டதும் அவர்களும் போய்விடுவார்கள்.

கடப்புறத்தில் பெண்ணுக்கு மரியாதை மீனை வைத்துத்தான். கரைக்கு வந்த மீனை விலைபேசத் தெரியவேண்டும், பனையோலைக் குட்டையில் அடுக்கி உள்நாட்டுக்குச் சுமக்கத் தெரியவேண்டும், வெயில் தாழ்வதற்குள் உப்பிட்டுக் காயப்போடத் தெரியவேண்டும். இசபெலுக்குச் சாளையையும் அயலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் எது எது என்று தெரியும். அவள் உள்நாட்டில் ஒரு கன்னியர் மடத்து வாசலில் கிடந்து கிடைத்த பிள்ளை. மடத்தில் வளர்ந்து, மடத்து அடுப்படியில் பதினைந்து வருடம் அகப்பை பிடித்து, இருபத்தாறு வயதில் சிலுவைமுத்துவுக்கு இரண்டாந்தாரமாக வந்தாள். ஊரில் அவளுக்குப் பெயர் ‘மடத்துக்காரி’. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பங்குச் சாமியாருடைய புத்தகத்தில் மட்டும் இருந்தது.

சிலுவைமுத்து நல்ல மனுசன்தான். ஆனால் நல்ல மனுசனாக இருப்பதற்கு ஆள் ஊரில் இருக்கவேண்டும். கிறிஸ்மஸ் கழிந்ததும் அவன் வள்ளத்தோடு கொல்லம் பக்கம் தங்கி மீன்பிடிக்கிற தங்கலுக்குப் போய்விட்டான். இனி மழைக்கு முன்னால்தான் வருவான். போகும்போது அவன் இசபெலிடம் விட்டுப்போனது முதல் மனைவி மரியஜான் பெற்ற எட்டு வயது லீமாவை. மரியஜான் இரண்டாவது பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தவள்.

அந்த லீமா இசபெலின் கையால் ஒரு வாய் தின்றதில்லை. தட்டை வைத்தால் பார்ப்பாள். பிறகு எழுந்து, ஓலை வேலியில் இருந்த ஓட்டை வழியாகப் பெரியம்மை விக்டோரியா வீட்டுக்குப் போய்விடுவாள். அங்கேயும் கோழி கொத்துவதுபோலக் கொத்திவிட்டு எழுந்துவிடுவாள். பிள்ளையின் முழங்கால் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன. அது தன் கையால் வயிறார ஒரு நேரம் தின்றுவிட்டால் போதும், இசபெலுக்கு உலகத்தில் வேறு ஆசை இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று விக்டோரியா தினமும் விசாரணை வைப்பாள்.

“ஏட்டி மடத்துக்காரி, பிள்ளைக்கு இண்ணைக்கு என்னத்தக் குடுத்த?”

“கஞ்சியும் அயலைக் கறியும் வச்சேன் அக்கா. தொடல்ல.”

“கறியில புளி ஊத்தினியா, மாங்கா போட்டியா?”

“புளிதான்.”

“எனக்க தங்கச்சி மாங்கா போட்டாக்கும் வைப்பா. அந்த ருசி கண்ட நாக்கு உனக்க புளியத் தொடுமா?”

“மாங்கா போட்டும் வச்சுப் பாத்தேன் அக்கா.”

“அது கொள்ளாம், நல்லது. பின்ன?”

“அதையும் தொடல்ல.”

குறை சொல்ல விக்டோரியாவுக்கு இனி ஒன்றும் அகப்படவில்லை. அதனால் கோபம் வந்தது. “பிள்ள ஒணங்கிப் போறா. தங்கல்லயிருந்து வரும்போ அவன் எனக்கிட்டயாக்கும் கேப்பான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. கூடப்பிறந்தவளைக் குழியில் வைத்தவள், அந்த இடத்தில் இன்னொருத்தி அடுப்பூதுவதைத் தினமும் வேலிக்கு மேலே பார்க்கவேண்டியிருந்தது.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது, அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு சித்திரையில், பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் கழிந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை ஊரில் புதுநன்மை. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையை முதல்தடவையாக வாங்கப் போகிற பிள்ளைகள் இருபத்துமூன்று பேர். லீமாவும் அதில் ஒருத்தி. பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஆப்பமும் சீனியும் கொடுப்பது வழக்கம். இசபெலுக்கு ஒரு யோசனை உதித்தது. மடத்தில் எலும்பும் தோலுமாக வந்து சேருகிற பிள்ளைகளுக்கு மூத்த சிஸ்டர் பழப்பாகுதான் கொடுக்கச் சொல்வார். கொய்யா, மாம்பழம், சக்கை எனும் பலா, எந்தப் பழம் மலிவோ அது. கஞ்சியைத் துப்புகிற பிள்ளையும் அதை நக்கும். லீமா தனியாகக் கொடுத்தால் தின்னமாட்டாள். இருபத்திரண்டு பேர் தின்கிற பந்தியில் தின்னாமல் இருப்பாளா?

அவள் யூஜின் உபதேசியாரைப் போய்ப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்.

“உபதேசியாரே, இந்தத் தடவ ஆப்பத்துக்கு நான் பழப்பாகு காய்ச்சித் தரட்டா?”

“அது என்னது? சர்பத்தா?”

“சர்பத்து குடிக்கது. இது தொட்டுத் தின்னது. சக்கைப்பழத்த வேவிச்சு, அரிச்சு, கருப்பட்டி சேத்துக் காய்ச்சணும்.”

“சக்கையா? பிள்ளியளுக்கு வயிறு எளகிச்செண்ணா ஆரு பதில் சொல்லுது?”

“பச்சையாத் தின்னாத்தான் எளகும். வேவிச்சு, சுக்கு தட்டிப் போட்டா ஒண்ணும் செய்யாது. மடத்துல ரெத்தமே இல்லாத பிள்ளியளு இதத் தின்னாக்கும் தேறினது.”

உபதேசியார் மீசையைத் தடவினார். “உனக்க மகளும் தின்பாளா?”

“அதுக்குத்தானே உபதேசியாரே” என்றாள் இசபெல். அவர் சரி என்று தலையாட்டினார்.

சனிக்கிழமை காலையில், மீன் எடுக்க உள்நாட்டிலிருந்து வருகிற செல்லத்தாய் மூன்று கூழஞ்சக்கை கொண்டுவந்து இறக்கினாள்.

“நல்ல வருக்கைச் சக்கை கிடக்கும்போ, கூழன் வேணும்ணு கேக்க ஆளு நீ ஒருத்திதான்.”

“வருக்கை கடிச்சுத் தின்ன கொள்ளாம். அரிச்சா எறங்காது. கூழன் வழிஞ்சு வரும்.”

“எம்மாடி, எத்தன பேருக்கு?”

“இருபத்துமூணு பிள்ளியளுக்கு.”

“நீ பெத்ததா எல்லாம்?” என்று சிரித்துக்கொண்டு செல்லத்தாய் கரைக்குப் போனாள். கேலிதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இசபெலும் சிரித்தாள். அன்றைக்கு அவளோடு பேசிய முதல் ஆள் செல்லத்தாய்.

கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய் புரட்டிக்கொண்டு சக்கையைப் பிளந்தாள். எண்ணெய் இல்லாமல் தொட்டால் பிசின் நாலு நாளைக்குக் கையை விடாது. சுளையைப் பிய்த்து, கொட்டையைத் தனியாக எடுத்து, பெரிய மண்சட்டியில் போட்டு, அடி பிடிக்காமல் இருக்க ஒரு சிரட்டைத் தண்ணீர் விட்டாள். தென்னமட்டை தீ, அதுவும் சின்னத் தீ. சுளை வெந்து குழைந்ததும் பிரம்புச் சல்லடையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தாள். நார் மேலே நின்றது, சாறு கீழே இறங்கியது. மூன்று சக்கைக்கும் தேய்த்து முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்போல இருந்தது. கருப்பட்டியைத் தனியாக உருக்கி, மண்ணுக்காக இரண்டு தடவை வடிகட்டி ஊற்றினாள். பிறகு கிண்டல்தான். வெயில் ஓலைக்கூரையில் நின்று எரிந்தது. கடற்காற்று அடித்தால் புகை முகத்துக்கு வந்தது, அடிக்காவிட்டால் வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

பதம் பார்க்க மடத்தில் ஒரு முறை உண்டு. அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விடவேண்டும். நேராகப் பிடித்தால் அது நிற்கவேண்டும், கையைச் சாய்த்தால் வழியவேண்டும். ருசி பார்ப்பது மட்டும் சமைக்கிறவள் வேலை இல்லை. நாள் முழுக்க ஆவியில் நின்றவளுடைய நாக்கு பொய் சொல்லும், சின்னப் பிள்ளையின் நாக்கு சொல்லாது என்பார் சிஸ்டர். அதனால் அடுப்படிப் பக்கம் வருகிற ஏதாவது ஒரு குட்டியைக் கூப்பிட்டு அதன் கையில் ஒரு சொட்டு விடுவார்கள். அன்றைக்கு இசபெலுக்குக் கூப்பிடப் பிள்ளை இல்லாததால் தானே நக்கிப் பார்த்துக்கொண்டாள்.

மணம் கடப்புறம் முழுக்கப் போயிருக்கவேண்டும். வேலிக்கு மேலே நாலைந்து பிள்ளைகளின் தலை தெரிந்தது. கூப்பிட்டால் மறைந்தது. லீமா விக்டோரியா வீட்டு நடையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு இந்தப் பக்கம் இருந்தது. மூக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று யார் கண்டது.

நன்மை வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து ஒருசந்தி இருக்கவேண்டும். சோறு மட்டுமல்ல, பச்சைத்தண்ணீர் ஒரு மடக்கு இறங்கினாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. மறைத்து வாங்கினால் சாவான பாவம், நேரே நரகம். உபதேசியார் இதை ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளுக்குப் பல் தேய்க்கவே பயமாகிவிட்டது. அந்த வயதுக்குக் கீழே இருக்கிற குட்டிகளுக்கு இந்தச் சட்டம் ஒன்றும் கிடையாது. நன்மை வாங்காத வாய், எந்த நேரமும் தின்னலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது இசபெல் பாகை மறுபடியும் அடுப்பில் ஏற்றினாள். சித்திரை வெக்கைக்கு மறுகொதி காட்டாவிட்டால் நுரைத்துவிடும். இரவில் இறுகிப்போயிருந்ததால் தேங்காய்ப்பால் விட்டு இளக்கினாள். இப்போது இனிப்பு குறைந்ததா, போதிய அளவு காணுமா என்று பார்க்கவேண்டும். அவளும் அன்றைக்கு நன்மை வாங்குகிறவள்தான். ஒருசந்தி வாயால் எப்படிப் பார்ப்பது என்று நின்றாள்.

அப்போது லீமா அடுக்களை வாசலில் வந்தாள். வெள்ளைக் கவுன், தலையில் காகிதப்பூ முடி. பெரியம்மை உடுத்திவிட்டிருந்தாள்.

“ஊசி வேணும். முக்காட்டுல குத்தது. பெட்டியில இருக்காம்.”

“எடுத்துத் தாறேன் மக்கா. இத எறக்கிட்டு வாறேன்.”

பிள்ளை போகவில்லை. ஓரடி உள்ளே வைத்தாள். பிறகு இன்னொரு அடி. “இதா அது?”

“இதுதான்.”

“நேத்து முழுக்க மணத்துது.”

“மணத்துதா?”

லீமா கழுத்தை நீட்டிச் சட்டிக்குள் பார்த்தாள். இந்த வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் அவள் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. பிள்ளையின் உள்ளங்கை தானாகவே விரிந்தது. பதினைந்து வருடம் பழகிய கை அகப்பையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டது.

“இனிப்பு காணுமா?”

“காணும்.” பிள்ளை கையை நக்கி முடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாள். “இன்னும் கொஞ்சம்.”

பதினோரு மாதத்தில் லீமா அவளிடம் கேட்டு வாங்கியது அந்தச் சொட்டுதான். இசபெல் விட்டாள். கண் நிறைந்து சட்டி தெரியாமல் போனது. புகை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் கோயிலில் முதல் மணி அடித்தது.

லீமாவின் நாக்கு கையிலேயே நின்றுவிட்டது.

“நான் ஒருசந்தி” என்றாள் பிள்ளை.

தன்னுடைய ஒருசந்தி இசபெலுக்கு நினைவிருந்தது. பிள்ளையுடையது நினைவில்லை. அவள் கையில் சொட்டு வாங்கிய குட்டிகள் எல்லாம் நன்மை வாங்காத குட்டிகள். அந்தக் கைகளோடு சேர்த்தே இந்தக் கையையும் பார்த்துவிட்டாள்.

“ஆரும் பாக்கல்ல. ரெண்டு சொட்டுதானே. வாய் கொப்பளிச்சுத் துப்பட்டா?”

“விழுங்கியாச்சே மக்கா.”

“நீ சொல்லாண்டாம். நானும் சொல்லமாட்டேன்.” லீமா அருகில் வந்து இசபெலின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்.”

நம்ம ரெண்டு பேர். இந்த வார்த்தைக்காக இசபெல் மடத்தைவிட்டே வந்தாள் என்றுகூடச் சொல்லலாம். சொல்லாமல் இருந்துவிட்டால் பிள்ளை தன்னோடு ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு அது வேண்டியிருந்தது, ரொம்பவே வேண்டியிருந்தது. அவள் பதில் சொல்வதற்குள் லீமா பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

கோயில் நடையில் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக மெழுகுதிரி பிடித்து நின்றார்கள். இசபெல் மூச்சுவாங்க வந்து உபதேசியாரைக் கூப்பிட்டாள்.

“லீமாவுக்கு இண்ணைக்கு நன்மை குடுக்கப்பிடாது உபதேசியாரே. நான் பாகு குடுத்திட்டேன். அவ கேக்கல்ல. நானாக்கும் கையில விட்டது.”

உபதேசியார் பிள்ளையைப் பார்த்தார். “உள்ளதா லீமா?”

“பொய். நான் ஒண்ணும் தின்னல்ல. இவ பொய் சொல்லுகா.”

“கையக் காட்டு.”

லீமா கையைப் பின்னால் மறைத்தாள். உபதேசியார் அதைப் பிடித்து இழுக்கவில்லை. இழுக்கவேண்டிய தேவையும் இல்லை. பிள்ளையின் முகம் கோணிக்கொண்டு போனது. அவர் மெழுகுதிரியை மெள்ள வாங்கி அணைத்தார்.

விக்டோரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “வேணும்ணே செய்தியா ஏட்டி?”

“மறந்திட்டேன் அக்கா.”

“நீ தின்னியா?”

“இல்ல.”

“உனக்க வாய் உனக்கு மறக்கல்ல. எனக்க தங்கச்சிக்க பிள்ளைக்க வாய் மறந்துபோச்சு, இல்லியா?”

விக்டோரியா சொன்னது உண்மை.

நாளைக் காலைப் பூசையில் வரட்டும் என்று சாமியார் சொல்லியனுப்பினார். இருபத்திரண்டு பிள்ளைகள் பாடிக்கொண்டு உள்ளே போனார்கள். விக்டோரியா லீமாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எட்டு வயதுப் பிள்ளை, தூக்கினால் கனமே இல்லை. தோளுக்கு மேலே லீமா இசபெலைப் பார்த்த பார்வையில் ஒரு கேள்விதான் இருந்தது, நீ ஏன் சொன்னே என்று. இசபெல் கோயிலின் கடைசியில் தூணோரம் முட்டுக்குத்தினாள். நன்மைக்கு எழுந்து போகவில்லை.

பந்தியில் பாகு ஏகமாக எடுபட்டது. ராத்திரியிலிருந்து வெறும்வயிறாக இருந்த பிள்ளைகள் ஆப்பத்தை முக்கி, தோய்த்து, கடைசியில் இலையையும் நக்கினார்கள். பெரியவர்கள் சண்டை பிள்ளைகளின் நாக்குக்குத் தெரியாது. “இது என்னது, இவ்வளவு கொள்ளாமே” என்று தாய்மார்கள் ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டார்கள். செய்தவளிடம் கேட்கவில்லை. ‘சின்னம்மைக்காரி பாத்த வேலையப் பாரு’ என்பது மட்டும் அவள் காதில் விழுகிற மாதிரி நாலு இடத்தில் சொல்லப்பட்டது. சட்டி காலியானதும் இசபெல் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கழுவிக் கவிழ்த்துவிட்டு, கஞ்சித்தண்ணீரில் உப்பைப் போட்டுக் குடித்தாள். அன்று முழுக்க வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விசாரணைகூட வரவில்லை. அவளுக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

திங்கட்கிழமைப் பூசைக்கு ஐந்து பேர்தான் இருந்தார்கள். பாட்டு இல்லை, மெழுகுதிரி இல்லை. கசங்கிய வெள்ளைக் கவுனோடு லீமா ஒற்றையாகப் போய் நன்மை வாங்கினாள். திரும்பி வரும்போது தூணைத் தாண்டித்தான் வரவேண்டும். தரையைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனாள்.

மத்தியானம் சாய்ந்தபிறகு வேலியில் ஓலை அசைந்தது.

“ஏட்டி.”

“என்னக்கா?”

“அந்தப் பாகு மிச்சம் உண்டா?”

“இல்லக்கா. நேத்தே சட்டி கழுவியாச்சு.”

விக்டோரியா ஓலைக்கீற்றைக் கிள்ளிக்கொண்டு நின்றாள். “அவ நேத்து முதல் ஒண்ணும் தின்னல்ல. நன்மை வாங்கிட்டு வந்தும் தின்னல்ல. அடிச்சுக் கேட்டேன். ‘நான்தான் இன்னும் கொஞ்சம்ணு கேட்டு வாங்கினேன், அவ அதச் சொல்லல்ல’ண்ணு சொல்லுகா.”

இசபெல் வேலிக்குப் பக்கத்தில் வந்தாள்.

“நீ அத அங்ஙன வச்சுச் சொல்லியிருக்கலாம்லியா?”

“சொன்னா என்ன ஆகும் அக்கா? எல்லாரும் பிள்ளையக் குத்தம் சொல்லுவாவ.”

விக்டோரியா ஓலைக்கீற்றைக் கீழே போட்டுவிட்டு, “பாகு மட்டும் கேட்டா” என்றாள்.

“நாளைக்குக் கருங்கல் ஊருல சந்தை. கூழன் கிடைக்கும். போய் எடுத்திட்டு வாறேன்.”

“நாலு மைலு. சுமந்துக்கிட்டு நடப்பியா நீ?”

“நடப்பேன்.”

மறுநாள் காலையில் இசபெல் சிலுவை நாட்டிய குருசடியைத் தாண்டும்போது பின்னால் யாரோ வருவது தெரிந்தது. திரும்பினாள். லீமா, பத்தடி தள்ளி. இசபெல் நின்றால் அவளும் நின்றாள். நடந்தால் நடந்தாள். சந்தையில் எதிரே நின்று, இசபெல் சக்கையைத் தட்டிப் பார்ப்பதையும் மோந்து பார்ப்பதையும் பார்த்தாள்.

திரும்பி வரும்போது தலையில் சும்மாட்டுக்கு மேலே ஒன்றரைத் துலாம் எடையுள்ள சக்கை. அதை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க முடியாது. பிள்ளை வருகிறாளா, எங்கேயாவது நின்றுவிட்டாளா என்று காலடிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். வண்டி ஏதாவது தாண்டினால் சத்தம் கேட்காமல் போகும். அப்போதெல்லாம் இசபெல் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். வண்டி போனபிறகு மறுபடியும் கேட்கும்.

பாதி வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

“நீ ஏன் சொன்னே? சொல்லாம இருந்தா என்ன ஆயிருக்கும்?”

இசபெல் நடந்துகொண்டே சொன்னாள். “ஒண்ணும் ஆயிருக்காது மக்கா. விளக்கு அணைச்ச பொறகு மட்டும் உனக்குப் பயமா இருந்திருக்கும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்க புதுநன்மை அண்ணைக்கு நான் ஒரு மடக்கு வெள்ளம் குடிச்சிட்டேன். ஆருகிட்டயும் சொல்லல்ல.”

காலடிச் சத்தம் நின்றது. இசபெலும் நின்றாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

“பின்ன?”

“நாலு வருசம் பயந்தேன். மடத்துல நாப்பது பேரு படுத்திருப்பம். எல்லாரும் உறங்கின பொறகு, நான் மட்டும் செத்தா எங்க போவேன்ணு முழிச்சுக் கிடப்பேன். பக்கத்துல கிடந்த பிள்ளைகிட்டகூடச் சொல்லல்ல. பின்ன சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன்.”

“வேற ஆருகிட்ட?”

“வேற ஆரும் எங்கிட்டக் கேக்கல்ல.”

காற்று பனைகளில் சலசலத்தது. பிறகு மணலில் காலடிகள் வேகமாக வந்தன, பின்னாலிருந்து பக்கத்துக்கு வந்தன.

“கொஞ்சம் பைய நட” என்றாள் லீமா. “எனக்க காலு உனக்க காலு போல நீளமில்ல.”

இசபெல் நடையைக் குறைத்தாள்.